இந்தியச் சிங்கிள் மோல்ட் விஸ்கிகளைக் கொழும்பில் சுவைத்து ஒப்பிடும் முறை

வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் நால்வர் முதன்முதலாக இந்தியச் சிங்கிள் மோல்ட் விஸ்கிகளை வரிசையாக வைத்துச் சுவைத்த மாலையில், புகையூட்டிய பார்லியே சேராத ஒரு விஸ்கிக்கு எங்களில் மூவர் ‘கடற்கரைப் புகை, லேசான உப்பு’ என்று குறிப்பெழுதினோம். கீழ்மாடியில் கருவாடு பொரிக்கிறார்கள் என்பது, யன்னலைச் சாத்த எழுந்தவர் சொன்ன பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அன்று எழுதிய தாள்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். இரண்டு விஸ்கிகளுக்கு இடையில் இருப்பதாக நாம் எண்ணும் வேறுபாடுகளில் பல, அறையாலும் குவளையாலும் மதுசாரத்தின் வலுவாலும் வந்தவையே. ஆகவே மற்ற எல்லாவற்றையும் முதலில் சமப்படுத்திவிட வேண்டும். அதன் பிறகும் எஞ்சி நிற்கும் வேறுபாடே பார்லிக்கும் பீப்பாய்க்கும் ஊருக்கும் உரியது. கீழே வருவனவெல்லாம் அந்தச் சமப்படுத்தலுக்கான வேலைகளே.

எதை வாங்குகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். முளைகட்டிய பார்லியை மட்டும் மூலப்பொருளாகக் கொண்டு, ஒரே வடிசாலையில் வடித்து, மரப்பீப்பாயில் முதிரவைத்ததே சிங்கிள் மோல்ட். இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பனையாகும் மலிவான வகைகளில் பெரும்பாலானவை கரும்புக் கழிவுப்பாகிலிருந்து வடித்த மதுசாரத்தை அடிப்படையாகக் கொண்டவை. தானியத்திலிருந்து வடிக்காததை விஸ்கி என்று விற்க ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இடந்தருவதில்லை. எனவே லேபலில் ‘சிங்கிள் மோல்ட்’ என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ‘மோல்ட்’ என்ற சொல் மட்டும் எங்கோ ஓர் ஓரத்தில் இருப்பது போதாது. மோல்ட் என்றால் என்ன மணம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எளிது. நம் வீடுகளில் காலையில் கரைக்கும் நெஸ்டமோல்ட் டின்னைத் திறந்து முகர்ந்து பாருங்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியின் மணம் அதுதான்.

இந்திய மோல்ட்கள் ஸ்கொட்லாந்தின் மோல்ட்களிலிருந்து வேறுபடுவதற்கு இரண்டு காரணங்களை அறிந்திருந்தால், எதைத் தேடிச் சுவைக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். முதலாவது தானியம். ஸ்கொட்லாந்தில் கதிரில் இரண்டு வரிசையாக மணி பிடிக்கும் பார்லியைப் பயன்படுத்துகிறார்கள்; இந்தியாவில் பெரும்பாலும் ஆறு வரிசைப் பார்லி. அதன் மணி சிறியது, உமி அதிகம், புரதம் அதிகம், மாப்பொருள் குறைவு. ஆகையால் ஒரு தொன் தானியத்திலிருந்து கிடைக்கும் மதுசாரமும் குறைவு. இரண்டாவது வெப்பம். ஸ்கொட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிறது. பெங்களூருவில் அது 10 சதவீதத்தையும் தாண்டும். 200 லீற்றர் கொள்ளும் ஒரு பீப்பாயை 12 ஆண்டுகள் வைத்திருந்தால் ஸ்கொட்லாந்தில் 157 லீற்றர் அளவில் மிஞ்சும். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் பெங்களூருவில் மிஞ்சுவது 56 லீற்றரே. இந்தியப் போத்தல்களில் பெரும்பாலும் வயது குறிப்பிடப்படாததற்கு இதுவே காரணம். அதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை. வெப்பத்தில் மரத்தின் சாரம் விரைவாக இறங்குகிறது என்பது உண்மை. ஆனால் ‘இந்தியாவில் ஓர் ஆண்டு என்றால் ஸ்கொட்லாந்தில் மூன்று ஆண்டு’ என்று கடைக்காரர் சொல்லும் கணக்கை நான் ஏற்பதில்லை. மரத்திலிருந்து இறங்குவது விரைவுபடலாம். காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்ல நிகழும் மாற்றங்கள் அதே விகிதத்தில் விரைவுபடுவதில்லை.

முதல் ஒப்பீட்டுக்கு மூன்று போத்தல்கள் போதும். அம்ருத் சிங்கிள் மோல்ட், போல் ஜோன் பிரில்லியன்ஸ், இந்திரி டிரினி ஆகிய மூன்றையும் நான் பரிந்துரைப்பேன். அம்ருத் பெங்களூருவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீற்றர் உயர மேட்டுநிலத்தில் முதிர்வது. 2004 ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது, இந்தியாவில் அல்ல. போல் ஜோன் கோவாவின் கரையோர வெப்பத்திலும் ஈரத்திலும், குன்கோலிம் என்ற ஊரில் உருவாவது. அதுவும் 2012 இல் லண்டனில் அறிமுகமானது. ஹரியானாவில் உள்ள இந்திரி 2021 இல் வந்த புதியவர். கோடையில் 40 பாகையைத் தாண்டிக் கொதித்து, குளிர்காலத்தில் நடுங்கவைக்கும் ஊர் அது. மூன்றும் 46 சதவீத வலுவில் போத்தலில் அடைக்கப்படுவதால், வலுவைச் சமப்படுத்தும் வேலை தானாகவே முடிந்துவிடுகிறது. புகையூட்டப்படாத பார்லி என்பதும் மூன்றுக்கும் பொது. எஞ்சும் வேறுபாடு ஊரும் மரமும்.

இவை கொழும்புக் கடைகளில் எப்போதும் வரிசையாகக் கிடைப்பவை அல்ல. என் அனுபவத்தில் பெரும்பாலும் சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ வருகிறவர்களின் பயணப்பைகளில்தான் வந்துசேர்கின்றன. விமானத்தில் 24 முதல் 70 சதவீத வலுவுள்ள மதுவகைகளை ஒருவர் 5 லீற்றருக்கு மேல் கொண்டுசெல்ல முடியாது; வரியின்றி உள்ளே விடப்படும் அளவு அதைவிடக் குறைவு, அதைப் புறப்படுமுன் சுங்கத்தின் அறிவித்தலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போயா தினங்களில் மது விற்பனைக்குத் தடை உண்டு, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கவும் கூடாது என்பது எல்லோரும் அறிந்ததே. மூன்று பேர் ஆளுக்கொரு போத்தல் வாங்கிப் பகிர்ந்துகொள்வதே செலவுக்கும் உடம்புக்கும் நல்லது.

அடுத்தது அறை. கொழும்பில் மாலை நேரத்தில் மின்விசிறி மட்டும் சுழலும் அறையின் வெப்பம் 29, 30 பாகை இருக்கும். அந்த வெப்பத்தில் மதுசாரம் வேகமாக எழும்பி மூக்கைச் சுடும், அதன் பின்னால் நிற்கும் நுண்ணிய மணங்கள் மறைந்துபோகும். ‘அறை வெப்பநிலையில் அருந்துக’ என்று எழுதுகிறவர்கள் மனதில் வைத்திருப்பது 18, 20 பாகை உள்ள வேறொரு நாட்டின் அறையை. குளிரூட்டியை 22 பாகையில் வைத்து, போத்தல்களையும் குவளைகளையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே அந்த அறைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம்; பனிக்கட்டியும் வேண்டாம், அது மணத்தைப் பூட்டிவிடும். குளிரூட்டி இல்லாத வீட்டில் அகலமான பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, போத்தல்களை அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் ஓரளவு குறையும். எல்லாப் போத்தல்களும் ஒரே பாத்திரத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நுளம்புத்திரி, சாம்பிராணி, ஊதுபத்தி, உடலில் பூசிய வாசனைத் திரவியம் எதுவும் கூடாது. நுளம்புத்திரியின் புகை திரைச்சீலையில் இரண்டு நாள் தங்கும் என்பதால், முதல்நாள் கொளுத்தியதும் கணக்கில் வரும். மதியம் தூள் கூட்டிய நண்டுக்கறி சாப்பிட்டவர் அன்று மாலை சுவைக்க உட்காராதிருப்பது நல்லது. நாக்கு ஆறுவதற்கு அரைநாள் வேண்டும்.

குவளை அடியில் பருத்தும் வாயில் ஒடுங்கியும் இருக்க வேண்டும். விஸ்கிக்கென்றே செய்யப்பட்ட கிளென்கேர்ன் குவளை கிடைத்தால் நல்லது; இல்லாவிட்டால் சிறிய வைன் குவளைகளே தாராளமாகப் போதும். ஆனால் எல்லாம் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். அலுமாரியில் நெடுநாள் கவிழ்ந்திருந்த குவளையில் மரவாசனையும் துணிவாசனையும் ஏறியிருக்கும் என்பதால், வெந்நீரில் கழுவிக் காற்றில் உலரவிடுங்கள். வாசனைச் சோப்புத் தேவையில்லை. கொழும்புக் குழாய்த் தண்ணீரில் குளோரின் மணம் இருப்பதால் அதை விஸ்கியில் கலக்கக் கூடாது. போத்தல் தண்ணீரோ, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரோ பயன்படுத்தலாம்.

இனி வலு. வேறுபட்ட வலுவில் உள்ள இரண்டு விஸ்கிகளை அப்படியே ஒப்பிட்டால் வலுவானதே ‘கனமானது, சுவை நிறைந்தது’ என்று தோன்றும். பலரும் ஏமாறும் இடம் இதுதான். பாமசியில் ஊசியில்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 20 மில்லிலீற்றர் விஸ்கியை 46 சதவீதத்துக்கு இறக்க வேண்டுமானால், 50 சதவீத அம்ருத் ஃபியூஷனுக்கு 1.7 மில்லிலீற்றர் தண்ணீர் போதும், 55.2 சதவீத போல் ஜோன் கிளாசிக்குக்கு 4, 61.8 சதவீதத்தில் வரும் அம்ருத் காஸ்க் ஸ்ட்ரெந்துக்கு ஏறத்தாழ 7. கணக்கு எளிது: விஸ்கியின் அளவை அதன் வலுவால் பெருக்கி 46 ஆல் வகுத்தால் வருவது மொத்த அளவு, அதிலிருந்து விஸ்கியைக் கழித்தால் தண்ணீர். தண்ணீர் சேர்த்ததும் சில விஸ்கிகள் லேசாக மங்கும். குளிர்வடிகட்டல், அதாவது போத்தலில் அடைக்குமுன் குளிரவைத்து வடிகட்டுவது, செய்யாத விஸ்கியில் உள்ள எண்ணெய்த்தன்மையான பொருட்கள் வலு குறையும்போது வெளிப்படுவதால் அப்படி ஆகிறது; பழுது என்று எண்ணிக் கொட்டிவிட வேண்டாம்.

ஊற்றிய குவளைகளைச் சிறு தட்டுகளால் மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். நிறத்தைப் பார்த்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். ஷெரி என்ற ஸ்பானிய வைன் முன்பு இருந்த பீப்பாயும் கறுக்கவைக்கும், ஸ்கொட்ச்சில் சட்டமே அனுமதிக்கும் கரமல் சாயமும் கறுக்கவைக்கும். முகரும்போது மூக்கைக் குவளைக்குள் நுழைக்காமல் விளிம்புக்கு மேலேயே நிறுத்தி, வாயைச் சற்றுத் திறந்தபடி மெல்ல இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் மதுசாரம் மட்டும் தெரிவது இயல்பு. இரண்டு மூன்று முறைக்குப் பிறகு மூக்கு அதற்குப் பழகி மற்றவற்றைக் காட்டத் தொடங்கும். களைத்துவிட்டால் உங்கள் முழங்கையின் உட்புறத்தை முகருங்கள், மூக்கு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மணங்களுக்குப் பெயர் வைப்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு, வாழ்நாளில் கண்டிராத ஹெதர் பூவையும் கூஸ்பெரியையும் எழுதுகிறார்கள். நம் சமையலறையே இதற்குப் போதுமானது. மோல்ட்டின் மணத்தை வறுத்த அரிசிமாவோடும் மாரி பிஸ்கட்டோடும் ஒப்பிடுங்கள். நொதித்தலின்போது உண்டாகும் பழமணங்களில் முதன்மையான ஒன்று வாழைப்பழம். அது கப்பல் வாழையின் மென்மையா, கதலியின் புளிப்பா என்று பிரித்துச் சொல்ல நமக்கு முடியும். பனங்கட்டியும் கித்துள் பாகும் இரண்டும் இனிப்புத்தான், ஆனால் ஒன்றில் மண்ணின் சாயலும் மற்றதில் புகையின் சாயலும் உண்டு. விஸ்கியின் இனிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஷெரி பீப்பாயில் கிடந்தவற்றில் நத்தார் கேக்கின் உலர்பழமும் கறுவாவும் கராம்பும் வரும். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி முன்பு இருந்த பீப்பாயில் கிடந்தவற்றில் வனிலாவும் தேங்காய்ப்பூவும் வரும். இந்தத் தேங்காய் மணம் அமெரிக்க ஓக் மரத்தில் உள்ள லாக்டோன் என்ற பொருளிலிருந்து பிறக்கிறது. தென்னம்பூவின் கள்ளிலிருந்து வடித்த சாராயத்தைவிடப் பார்லியிலிருந்து வடித்த விஸ்கியில் தேங்காய் கூடுதலாக மணப்பது எனக்கு இன்றும் ஒரு வேடிக்கைதான்.

சுவைக்கும்போது முதல் மிடறு வாயைப் பழக்குவதற்கு மட்டுமே. அதை வைத்து எதையும் எழுத வேண்டாம். இரண்டாவது மிடறாக ஒரு தேக்கரண்டியில் பாதி அளவு எடுத்து, நாக்கின் மேலும் பக்கங்களிலும் பரவவிட்டுப் பத்து விநாடி வைத்திருந்து விழுங்கி, வாயை மூடியபடி மூக்கால் மூச்சை வெளிவிடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் தெரியும். பிறகு கடைசிச் சாயல் எவ்வளவு நேரம் நிற்கிறது, இனிப்பாக முடிகிறதா, தேயிலைச் சாயம் போல் துவர்ந்து முடிகிறதா என்று கவனியுங்கள். வெப்பநாட்டு விஸ்கியில் மரம் மிஞ்சிவிட்டால் அது முதலில் அந்தத் துவர்ப்பில்தான் காட்டிக்கொடுக்கும். குவளைக்குக் குவளை ஒரு வாய் தண்ணீரும் கிறீம் கிராக்கர் துண்டொன்றும் போதும். மிக்சரும் கடலையும் எல்லாம் முடிந்த பிறகு. துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. மூன்று குவளை 20 மில்லிலீற்றர் என்றால் 60 ஆகிறது, ஓர் இரவுக்கு அதற்கு மேல் நாக்கும் ஒத்துழைக்காது. வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு முச்சக்கர வண்டியில் வரச் சொல்லுங்கள்.

குறிப்புகளை எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ‘மச்சான், இது கொப்பரா வாட்டின புகையெல்லோ!’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதன் பிறகு மேசையில் இருக்கும் எல்லோருக்கும் கொப்பரா மட்டுமே மணக்கும்.

மேற்சொன்ன மூன்றையும் இப்படி வைத்துப் பார்க்கும்போது என் மூக்குக்குத் தெரிவது இதுதான். அம்ருத்தில் வறுத்த மாவும் அதிமதுரம் போன்ற ஓர் இனிப்பும் முன்னே நிற்கின்றன. பிரில்லியன்ஸில் தேனும் பழமும் மென்மையாக வருகின்றன, மூன்றில் தொடங்குபவருக்கு ஏற்றது அதுவே. போர்பன், பிரெஞ்சு வைன், பெட்ரோ ஹிமெனெஸ் ஷெரி என்ற மூவகைப் பீப்பாய்களைக் கண்ட இந்திரியில் உலர்பழமும் மரமும் சேர்ந்து பேசுகின்றன. இந்திரியை முதலில் குடித்தால் மற்ற இரண்டும் வெறுமையாகத் தோன்றும் என்பதால், பீப்பாய் வகை கூடிக்கொண்டு போகும் வரிசையிலேயே வையுங்கள். மூன்றாவதை ரசித்தவர்கள் வடிசாலையையா பீப்பாயையா ரசித்தார்கள் என்ற கேள்வியைக் கேட்கவும் மறக்காதீர்கள். என்னைப் பொறுத்தவரை, பல பீப்பாய்களின் அலங்காரம் இல்லாத பிரில்லியன்ஸிலேயே இந்தியப் பார்லியின் குரல் தெளிவாகக் கேட்கிறது.

இரண்டாவது மாலையைப் புகைக்கு ஒதுக்குங்கள். பீட் என்பது சதுப்புநிலத்தில் தாவரங்கள் அரைகுறையாக மக்கி இறுகிய மண். கட்டுநாயக்கவுக்குப் போகும் வழியில் உள்ள முத்துராஜவெலவின் அடிநிலமும் அந்த வகைதான். முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது பீட்டை எரித்தால் அதன் புகையிலுள்ள பீனோல் வகைப் பொருட்கள் உமியில் ஒட்டிக்கொள்கின்றன. போல் ஜோனின் பிரில்லியன்ஸ், எடிட்டட், போல்ட் என்ற மூன்றும் ஒரே வடிசாலை, ஒரே 46 சதவீதம். முதலாவதில் புகை இல்லை, இரண்டாவதில் சிறிது, மூன்றாவதில் நிறைய. புகை ஏற ஏற என்னென்ன மாறுகிறது என்று கற்க இதைவிட நல்ல ஏணி எனக்குத் தெரியாது. போல்ட்டில் தெரிவது பொச்சுமட்டை எரியும் புகையா, மாசியின் உலர்ந்த புகையா, காயத்துக்குப் போடும் டிஞ்சர் அயடினா என்று பிரித்து எழுதுங்கள்; ஒரே ‘புகை’ என்று முடித்துவிடாதீர்கள். கடைசிக் குவளையாக அம்ருத் ஃபியூஷனை வைக்கலாம். புகையூட்டாத இந்தியப் பார்லி மூன்று பங்கும் புகையூட்டிய ஸ்கொட்லாந்துப் பார்லி ஒரு பங்கும் சேர்ந்தது அது. 2010 ஆம் ஆண்டுக்கான ஒரு புகழ்பெற்ற மதிப்பீட்டில் நூற்றுக்கு 97 பெற்று உலகில் மூன்றாவதாக வந்த பிறகே வெளிநாட்டார் இந்திய மோல்ட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அதை முதலில் 50 இலும் பிறகு 46 இலும் முகர்ந்தால், தண்ணீர் சேர்ந்ததும் புகை முன்னே வந்து இனிப்புப் பின்வாங்குவதைக் காணலாம்.

உங்கள் நாக்கு உண்மையிலேயே வேறுபாட்டைக் கண்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. வேறொருவரைக் கொண்டு மூன்று குவளைகளில் ஊற்றச் செய்யுங்கள்; இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. அடியில் இலக்கம் எழுதிய தாளை ஒட்டிவிட்டு, தனித்து நிற்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊகித்தே சரியாகச் சொல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. வரிசை மாற்றி மூன்று முறையும் சரியாகச் சொன்னால் அது 27 இல் ஒன்றாகக் குறைகிறது, அப்போது நம்பலாம். இந்தச் சோதனையில் தோற்ற இரண்டு விஸ்கிகளுக்கு இடையில் 88, 91 என்று புள்ளி வித்தியாசம் போடுவதில் பொருளில்லை. நான் புள்ளிகளையே விட்டுவிட்டு, இரண்டிரண்டாக வைத்து எது மேல் என்று மட்டும் குறிக்கிறேன்.

விருப்பமிருந்தால் மூன்றாவது மாலையில் நம் முதிர்ந்த தென்னஞ்சாராயம் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். சாராயம் பொதுவாக 40 சதவீதத்துக்குக் கீழேயே போத்தலில் அடைக்கப்படுவதால், விஸ்கியையும் அதன் லேபலில் உள்ள வலுவுக்கு இறக்க வேண்டும். 37 சதவீதம் என்றால் 46 சதவீத விஸ்கி 20 மில்லிலீற்றருக்கு 5 மில்லிலீற்றர் தண்ணீர். சாராயம் மரபாக முதிர்வது ஹல்மில்லை மரத் தொட்டிகளில். திருகோணமலை மரம் என்றே உலகச் சந்தையில் பெயர்பெற்ற மரம் அது. ஓக்கில் வரும் வனிலாவும் தேங்காயும் அதில் எவ்வளவு குறைவு என்பதைக் காணும்போது, விஸ்கியில் பார்லி தந்தது எது, மரம் தந்தது எது என்பது இன்னும் தெளிவாகப் பிரியும்.

மிஞ்சிய போத்தல்களைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, வெயில் படாத அலுமாரியில் வையுங்கள். வலுவான மதுசாரம் தக்கையை அரித்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கிய போத்தலைச் சிறிய போத்தலுக்கு மாற்றினால் உள்ளே காற்றுக் குறையும். குவளைகளை அன்றிரவே கழுவிவிடாதீர்கள். மூடாமல் மேசையிலேயே விட்டுவைத்து, காலையில் தேநீருக்கு முன் ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள்: மதுசாரமும் பழமணங்களும் போய், மரமும் புகையும் மட்டும் காய்ந்து ஒட்டியிருக்கும். பிரில்லியன்ஸ் குவளையையும் போல்ட் குவளையையும் அப்போது யாராலும் மாற்றிச் சொல்ல முடியாது, கீழ்மாடியில் கருவாடு பொரித்தாலும்கூட.